'ஸ்கின் கலர்' என்று ஒரு ட்யூப்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். நாங்கள் மூன்று பேர். ஒருவரும் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கத்தான் ஆரம்பித்தோம். "பெயிண்டிங் சொல்லிக் குடுங்க அண்ணா" என்று கேட்டது பிள்ளைகள்தான். கையில் இருந்த காசுக்கு 12 ட்யூப் உள்ள வாட்டர் கலர் பெட்டிகள் மூன்றும், பிரஷ்களும், டிராயிங் சீட்டும் வாங்கினோம். தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி. கலர் குழைக்க வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டு.

முதல் நாள், வீட்டில் யாராவது ஒருவரை வரையச் சொன்னோம். அரைமணி நேரத்தில் ஒரு ட்யூப் மட்டும் காலியானது. அதன்மேல் 'ஸ்கின் கலர்' என்று எழுதியிருந்தது. வெளிறிய ரோஜா நிறம். அம்மா, அப்பா, ஆயா, தம்பி எல்லோருக்கும் அதே முகம். நாற்று நடப் போகும் தன் அம்மாவுக்கும் ஏழாவது படிக்கும் ஒரு பெண் அதைத்தான் பூசியிருந்தாள்.

"உங்கம்மா இந்தக் கலரா பாப்பா?" என்று கேட்டோம்.

"இல்லக்கா. ஆனா பிரவுன் போட்டா அழுக்கு மாதிரி தெரியும். ஸ்கூல்ல போட்டதுக்குச் சிரிச்சாங்க."

அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. காரணம், அன்று காலை மாதிரிக்காக நாங்கள் வரைந்து சுவரில் ஒட்டிய முகமும் அதே ட்யூப்பில் போட்டதுதான். மேடையில் சுயமரியாதை பேசுகிற நாங்கள், பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் பெட்டி சொன்னதைக் கேட்டிருக்கிறோம்.

அந்த ட்யூப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். போட்டால் பிள்ளைகள் வேறு எங்காவது அதைத் தேடுவார்கள். அது எப்படி உருவாகிறது என்று காட்டுவோம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த வாரம் தட்டில் மூன்று நிறம் மட்டும்: சிவப்பு, மஞ்சள், நீலம். இவை முதன்மை நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. நிறச்சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். எதிர் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் பளிச்சென்ற நிறம் அடங்கும், இருளும். ஆரஞ்சில் ஒரு துளி நீலம் விட்டதும் செங்கல் நிறம் வந்தது. இன்னொரு துளி விட்டதும் புளியங்கொட்டை நிறம். பிள்ளைகள் தங்கள் கையைத் தட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். "எனக்கு இன்னும் நீலம் வேணும்", "எனக்கு மஞ்சள் ஜாஸ்தி" என்று ஒரே சத்தம்.

பிறகு அதே ஆரஞ்சில் தண்ணீரை நிறைய ஊற்றினோம். வாட்டர் கலரில் வெளுப்பைத் தருவது தாளின் வெண்மைதான். தண்ணீர் கூடக்கூட தாள் தெரியும். கடைசியில் வந்தது அந்த 'ஸ்கின் கலர்'. "அவ்ளோதானா? இதுல தண்ணிதான் அதிகம்!" என்றான் ஒருவன். அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு, அந்த ரோஜா என்பது வெளுத்த ஆரஞ்சு. இரண்டும் ஒரே குடும்பம்.

மீதிப் பாடத்துக்குப் பாரிஸ் போனோம். அங்கே கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்றவர் செவ்ரேல் என்ற வேதியியலாளர். நீலம், ஊதாத் துணிகளின் மடிப்புகளில் நெய்த கறுப்பு எடுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் வேறு இடத்துக் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. இதை விரித்து 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

நாங்களும் செய்து பார்த்தோம். ஒரே பழுப்புச் சதுரத்தை இரண்டாக வெட்டி, ஒன்றை மஞ்சள் தாளிலும் மற்றதை அடர்நீலத் தாளிலும் வைத்தோம். மஞ்சளில் அது மங்கிக் கிடந்தது. நீலத்தில் கனன்றது.

அப்போதுதான் எட்டாவது படிக்கும் பையன் கேட்டான்: "நாம கறுப்பா இருக்கிறதாலதான் ஊர்க்காரங்க நம்மள ஒதுக்குறாங்களா அண்ணா?"

இல்லை தம்பி என்றோம். ஊர்த்தெருவில் கறுத்தவர்கள் எத்தனை பேர், நம் காலனியில் சிவந்தவர்கள் எத்தனை பேர் என்று நீயே எண்ணிப் பார். வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் உண்டு. ஆனால் சாதி என்பது இனப் பிரிவினை அல்ல என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். இருந்தாலும் இரண்டு இழிவும் கைகோத்துக்கொள்ளும். நம்மில் ஒருவர் சிவப்பாக இருந்தால் "பார்த்தா அப்படித் தெரியலையே" என்பார்கள். கறுப்பாக இருந்தால் ஒன்றும் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள்.

அந்தப் பெண் அம்மாவை மறுபடி வரைந்தாள். பின்னால் நாற்றங்கால் பச்சை. முகத்தின் நிழலுக்கு நீலம் கூட்டியிருந்தாள். மாலையில் அழைத்துப்போக வந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "என்னை எதுக்குடி இவ்ளோ கறுப்பா போட்ட?" என்றார்.

"நீ இப்படித்தாம்மா இருக்க. நல்லாத்தான் இருக்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாள் ஈரமாக இருந்ததால் மடிக்காமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். வீட்டில் ஒட்டினாரா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்கிற காரியமா இது?

தோழர்களே, உங்கள் பகுதியிலும் மாலை வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால் பெரிய பெட்டி வாங்க வேண்டாம். மூன்று நிறமும் தண்ணீரும் போதும். முதலில் உங்கள் கையை நீங்களே கலந்து பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல்தான் பிள்ளைகள் முன்னால் போய் நின்றோம்.