மாயாபுரிப் பயணம்

ஊரிலிருந்து டில்லிக்கு வரும் உறவினரை நாம் அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. செங்கோட்டை, குதுப்மினார், பிர்லா மந்திர், நம்மவர்க்கே உரிய மலைமந்திர். விடுமுறை மிச்சமிருந்தால் ஆக்ராவுக்கு ஒரு நடை. மாயாபுரியை எவரும் காட்டுவதில்லை. காட்டும்படி எவரும் கேட்பதுமில்லை. ஆயினும் நம் வீட்டுப் பண்டங்கள் பல நம்மைக் கேளாமலே அத்திசை நோக்கிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் "கபாடீ" என்று நீட்டி முழக்கி வருபவனிடம் தேய்ந்துபோன கிரைண்டரையும், சுழல மறுத்த மின்விசிறியையும் எடைக்குப் போடுகிறோம் அல்லவா? அவ்விதம் போடப்படும் இரும்பும் செம்பும் ஈயமும் கைமாறிக் கைமாறிச் சென்றடையும் சந்தைகளுள் மாயாபுரி தலையாயது.

முக்தி தரும் ஏழு நகரங்களைச் சொல்லும்போது ஹரித்துவாரத்தையும் மாயாபுரி என்ற பெயரால் நம் பெரியோர் குறிப்பதுண்டு. அந்த மாயாபுரி வேறு. மேற்கு டில்லியின் இந்த மாயாபுரியில் முக்தி பெறுவன மோட்டார் வண்டிகளும் இயந்திரங்களுமே.

இரயில்வேப் பண்டகசாலையில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்குப் பழைய இரும்பு புதிய காட்சியன்று. எனினும் 2010ஆம் ஆண்டில் அவ்விடத்தில் நிகழ்ந்த ஒரு காரியத்தின் காரணமாக, அச்சந்தையை ஒரு முறை காலால் நடந்து காண வேண்டுமென்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்று ஜனக்புரியில் வசிக்கும் பெரியவர் ஒருவர் துணைக்கு வர இசைந்தார். ரஜோரி கார்டனில் நீல வழித்தடத்தை விட்டு இறங்கி, இளஞ்சிவப்பு வழித்தடத்தில் ஏறினால் அடுத்த நிலையமே மாயாபுரி. 2018இல் இந்த வழித்தடம் திறக்கப்பட்டபின் பயணம் மிகவும் எளிதாகிவிட்டது.

நிலையத்தை விட்டு உள்ளே நடந்தால் முதலில் நம்மை வரவேற்பது ஓசை. சம்மட்டி விழும் ஓசை, இரும்பறுக்கும் சக்கரத்தின் கிறீச்சொலி, இழுவண்டிக்காரரின் அதட்டல். பிறகு மணம், எரிந்த எண்ணெயும் துருவும் கலந்த அந்த மணம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருவது. தெருவின் இரு மருங்கிலும் கார்க் கதவுகள் புத்தகங்களைப்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அச்சுகள் ஒரு குவியல், கியர்ப் பெட்டிகள் ஒரு குவியல், பிரித்தெடுத்த இயந்திரங்கள் மற்றொரு குவியல். தரையே எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது. ஒரு கடை வாசலில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் மின்மோட்டாரின் வயிற்றைப் பிளந்து செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தான். கையில் உறையில்லை; கண்ணுக்குக் கண்ணாடியில்லை. ஆனால் அவன் கையின் வேகத்தைக் கண்டு வியவாதிருக்க முடியாது. எந்த உலோகம் எங்கே ஒளிந்திருக்கும், அதை எவ்விதம் சேதமின்றி வெளியே எடுப்பது என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். உள்ளிருப்பது இன்னதென்று முன்பே தெரிந்திருக்கும் வரையில் அது போதும்.

இனி அந்த 2010ஆம் ஆண்டுக்கு வருவோம்.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கானடா தேசத்திலிருந்து வரவழைத்த இயந்திரம் ஒன்று இருந்தது. பொருள்களின்மீது காமாக் கதிர்களைப் பாய்ச்சி, அதனால் உண்டாகும் இரசாயன மாறுதல்களை ஆராய்வதற்கானது. அதன் நடுவே கோபால்ட் 60 என்னும் கதிரியக்கப் பொருள்; சுற்றிலும் கதிர் வெளியே வாராதபடி கனத்த ஈயக் கவசம். 1985க்குப் பிறகு அதை எவரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு ஓர் அறையில் உறங்கிய அவ்வியந்திரம், உபயோகமற்ற சாமான் என்று முடிவு செய்யப்பட்டு, 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விடப்பட்டு, மாயாபுரிக்கு வந்து சேர்ந்தது. வாங்கியவருக்கு அது நல்ல ஈயம் கிடைக்கும் ஓர் உருப்படி, அவ்வளவே.

சம்மட்டிக்காரர்கள் தம் தொழிலைச் செய்தார்கள். கவசம் பிரிந்தது. உள்ளேயிருந்த சிறு சிறு உலோகத் துண்டுகள் கடை கடையாகப் பிரிந்து போயின. பளபளப்பாக இருந்த ஒரு துண்டைத் தம் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு நடமாடியவரும் உண்டு. நாட்கள் செல்லச் செல்ல ஒருவர்பின் ஒருவராக வாந்தி, தோலில் கருமை, முடியுதிர்தல். ஏப்ரல் முதல் வாரத்தில் மருத்துவமனையில் ஐயம் எழுந்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தார் கருவிகளுடன் மாயாபுரிக்கு விரைந்தனர். ஏழெட்டுப் பேர் மருத்துவமனைகளில் கிடந்தனர். அவர்களுள் ஒருவர், 35 வயதுடைய தொழிலாளி, ஏப்ரல் 26ஆம் தேதி உயிர்நீத்தார். அப்பொருள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததென்பது அம்மாத இறுதியில்தான் வெளிப்பட்டது. தலைநகரின் நடுவே, நாடாளுமன்றத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில், இப்படி ஒரு பொருள் எவருடையது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின.

ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். கோபால்ட் 60இன் வீரியம் 5.27 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். இயந்திரம் வந்தது 1960களின் இறுதியை ஒட்டி. ஆகவே 2010இல் அது ஏழெட்டு முறை பாதியாகி, தொடக்க வீரியத்தில் சுமார் இருநூற்றில் ஒரு பங்காகவே எஞ்சியிருக்கும். அந்த மிச்சம்தான் ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. மறந்துவிட்டால் தானே செத்துப்போகும் சாமான் அன்று அது.

பண்டகசாலை வேலையை அறிந்தவர்களுக்கு இதில் உறுத்துவது வேறொன்று. சர்க்கார் அலுவலகம் எதுவாயினும் ஒரு நாற்காலியைக் 'கண்டம்' செய்வதற்கும் ஒரு முறையுண்டு. பதிவேட்டில் அதற்கு ஒரு வரியுண்டு. எந்த ஆண்டு வந்தது, என்ன விலை என்பதெல்லாம் இருக்கும். குழு ஒன்று பார்வையிடும்; கையொப்பங்கள் விழும்; பிறகே ஏலம். நான்கு கால் நாற்காலிக்கு இத்தனை சடங்கு. பல டன் எடையுள்ள, கதிரியக்கப் பொருளடங்கிய இயந்திரமும் இதே வாசல் வழியாக, இதே சடங்குடன் வெளியேறிற்று என்பதுதான் விந்தை. சட்டம் இல்லாமல் இல்லை. கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான விதிகள் 1987லேயே இயற்றப்பட்டுவிட்டன. ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி அத்தகைய பொருளை வெளியேற்றலாகாது. தந்தவர்க்கே திருப்பியனுப்ப வேண்டும், அல்லது அதற்கென அமைந்த நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். விதி அதன் அலமாரியில் இருந்தது; இயந்திரம் அதன் அறையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் சொன்னார்: "தம்பி, 'பழைய இயந்திரம், உருப்படி ஒன்று' என்று ஏட்டில் எழுதிவிட்டால், தணிக்கைக்கு வருபவன் உருப்படி ஒன்று இருக்கிறதா என்றுதான் எண்ணுவான். அதன் வயிற்றுக்குள் என்ன என்று பார்ப்பது யார் வேலை?"

"கையொப்பம் இட்டவர் வேலைதானே, ஐயா?" என்றோம்.

"ஒருவர் இட்டால் அவர் வேலை. ஐவர் இட்டால் பொறுப்பு ஐந்தாகப் பிரியும். அவர்களும் மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்றுவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது? அதுவும் பாதி பாதியாகத் தேய்கிற சரக்குத்தான்" என்று சிரித்தார். ஆயுள் முழுதும் பிறர் கணக்கைப் பார்த்தவர் சிரிப்பு அது.

பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்குமுறை வாரியம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் அனுமதியையும் நிறுத்தி வைத்தது. துணைவேந்தர் வருத்தம் தெரிவித்துத் தார்மிகப் பொறுப்பை ஏற்றார். ஆனால் வாரியத்தைக் கேள்வி கேட்பவர் யார்? அந்தக் கேள்வியை எழுப்பியது, நமது பெரியவர் பணியாற்றிய துறையின் உச்சியில் இருக்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை. 2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவ்வறிக்கையைப் படிக்கையில் தூக்கம் கலைகிறது. பயன்படுத்தி முடிந்த கதிரியக்கப் பொருள்கள் உண்மையாகவே பத்திரமாக அகற்றப்பட்டனவா என்று சரிபார்க்கத் தக்க ஏற்பாடு வாரியத்திடம் இல்லை என்றது அது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களுள் 5,270 மட்டுமே பதிவு பெற்றிருந்தன என்றது. விதிகளை மீறியவர்க்கு அன்றைய சட்டம் விதித்த அபராதத்தின் உச்ச வரம்பு 500 ரூபாய் என்பதையும் சுட்டிக்காட்டியது. 500 ரூபாய்! மாயாபுரியில் நல்ல ஈயம் எத்தனை கிலோ கிடைக்கும் அதற்கு?

அவ்வறிக்கையின் அடிப்படைக் குறை மற்றொன்று. 1983இல் அமைந்த இவ்வாரியம், தான் எவரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்த அணுசக்தித் துறையின் செயலரே தலைவராக வீற்றிருக்கும் ஆணையத்துக்குக் கணக்குச் சொல்லும் நிலையில் இருந்தது. சுதந்திரமான அமைப்பொன்றை உண்டாக்க 2011இல் கொண்டுவந்த மசோதா, 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டமே, 1962ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, வாரியத்துக்குச் சட்டவழித் தகுதி அளிக்க வகை செய்திருக்கிறது. மாயாபுரி நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள். கோபால்ட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய மூன்று பாதிகள்.

நம் நாட்டில் மட்டுமே இவ்விதம் நடக்குமென்று எண்ண வேண்டாம். 1987இல் பிரேசில் நாட்டுக் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து எடுத்து உடைக்கப்பட்ட இயந்திரத்தினுள் நீலமாய் ஒளிர்ந்த தூளைக் கண்டு வியந்து, உற்றார் உறவினர்க்கெல்லாம் பங்கிட்டுத் தந்தார்கள். நால்வர் இறந்தனர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சோதிக்க நேர்ந்தது. 2008இல் பிரான்சு தேசத்தின் மின்தூக்கிகளுக்கான பொத்தான்களில் கோபால்ட் 60 இருப்பது கண்டறியப்பட்டது; அவற்றுக்கான எஃகு சென்றது நம் இந்தியாவிலிருந்து. பழைய இரும்புக்கு எல்லைக் கோடுகள் இல்லை.

கதிரியக்கத்துக்கு அடையாளமாக உலகெங்கும் வழங்குவது மூன்று இதழ்ச் சின்னம். படித்தவர்க்கே அது புரியாதென்பதை உணர்ந்து, 2007இல் சர்வதேச அணுசக்தி முகமை மற்றொரு படத்தையும் அறிமுகம் செய்தது. சிவப்பு முக்கோணம், மேலே கதிர்கள், கீழே மண்டையோடும் ஓடுகின்ற மனிதனும். செம்புக் கம்பி உருவிய அந்த இளைஞனிடம் திரும்பிச் சென்று, ஒரு தாளில் மூன்று இதழை வரைந்து காட்டி, இஃது என்னவென்று கேட்டோம். "பங்கா, பாபுஜி" என்றான், விசிறி! இரண்டாவது படத்தையும் வரைந்தோம். நம் சித்திரத் திறமை சொல்லும்படியாக இல்லாவிடினும் மண்டையோடு அவனுக்கு விளங்கிற்று. இதைக் கண்டால் எங்கே சொல்வது என்று கேட்டான். காவல் நிலையம் என்றோம். அவன் சிரித்த சிரிப்பு, பெரியவர் சிரித்ததைக் காட்டிலும் சற்று நீளம். பின்னர் தாளை வாங்கி மடித்துத் தராசின் கீழே செருகி வைத்தான்.

மீட்கப்பட்ட துண்டுகள் கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. மாயாபுரியில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்லோ பலகையோ நம் கண்ணில் படவில்லை. எந்தக் கடை என்று காட்டவும் எவரும் முன்வரவில்லை.

போய்வர விரும்பும் அன்பர்கள் காலை பதினொரு மணிக்குமேல் செல்வது நலம். அதற்கு முன் கடைகள் பாதிதான் திறந்திருக்கும். கனத்த செருப்பு அவசியம். தரையெங்கும் இரும்புத் துகள் கிடப்பதால் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். மோட்டார் உதிரி பாகம் வாங்குவோர் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.