செவ்வாயைக் கண்டோம், தோஷத்தைக் காணோம்!

வானம் எவரும் வேலியிட்ட தோட்டமல்ல. காணக் கட்டணமில்லை, "எட்டி நில்" என்று தடுப்பாருமில்லை. எனினும், அண்ணாந்து பார்க்க வேண்டிய அந்த வானத்தை, நம் நாட்டிலே ஏட்டிலே குனிந்து பார்த்தே பழகிவிட்டனர்! கட்டம் போட்டனர், கட்டத்துக்குள்ளே கோள்களை அடைத்தனர், கோள்களின் பெயரால் குமரிகளை வீட்டுக்குள்ளே அடைத்தனர்.

என் தங்கையும் அப்படி அடைபட்டவள்தான். பள்ளியிலே கணிதம் கற்பிப்பவள். பெண் பார்க்க வந்தோர் படிப்பைக் கேட்டனர், மகிழ்ந்தனர்; பண்பைக் கண்டனர், பாராட்டினர்; சாதகத்தைப் பார்த்தனர் - சத்தமின்றிச் சென்றனர்! "ஏழிலே செவ்வாய்" என்றார் சோதிடர். மும்முறை இதே கதை. பெண்ணிடம் குறையில்லை, பிள்ளையிடம் குறையில்லை. பல கோடிக் கல்லுக்கு அப்பாலே சுழலும் கோள்மீது குற்றச்சாட்டு!

குற்றவாளியையே நேரில் கண்டு விசாரித்துவிடுவோமே என்று எண்ணினேன். 2025 சனவரி அதற்கு வாய்த்த காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்ட பளிங்காக இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையிலே, கிணற்றடிக்கு அருகே, ஆறு அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுத்தினேன். பனிக்காற்றிலே அரைமணி நேரம் ஆறினால்தான் அந்த ஆடி தெளிந்த உருவம் காட்டும். அதுவரையில் கையிலிருந்த பைனாகுலரே போதும். அதன் ஐம்பது மில்லிமீட்டர் வில்லை, இருளிலே விரிந்த கண்மணியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டித் தருகிறது. வெறுங்கண்ணுக்கு ஆறு மீனாகத் தெரியும் கார்த்திகை, அதிலே பார்த்தால் கொட்டிக் கிடக்கும் முத்துக் குவியல்! திருவாதிரைக்குத் தெற்கே, வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடைவாருக்குக் கீழே, புகைபோல் ஒரு வெளிச்சம். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலே புதிய விண்மீன்கள் பிறக்கும் தொட்டில் அது.

பிறகு தொலைநோக்கி. மேற்கே வெள்ளி, பாதி நிலவாக நின்றது. "பிடித்தால் ஏழரை ஆண்டு விடமாட்டான்" என்று நாடே நடுங்கும் சனி, மெல்லிய கோடாய்த் தெரிந்த வளையத்தோடு அடங்கி ஒடுங்கி நின்றது! உரோகிணிக்கு அருகே வியாழன், பக்கத்திலே நிலவுகள். 1610 சனவரி 7-ஆம் நாள் கலிலியோ முதன்முதலாகக் கண்டு திகைத்த அதே காட்சி.

கடைசியாகச் செவ்வாய். அத்திங்கள் 12-ஆம் நாள் அது நமக்கு மிக அருகே வந்திருந்தது. அருகே என்றால், ஏறத்தாழ 9.6 கோடி கிலோமீட்டர்! அதன் ஒளி நம்மை வந்தடைய ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். செம்மஞ்சள் வட்டம், அதிலே மங்கிய கறைகள், ஓரத்திலே துருவப் பனியின் வெண்பொட்டு. அம்மாவும் குனிந்து பார்த்தார்கள். "இதுவா? சின்னக் குங்குமப் பொட்டுப் போலல்லவா இருக்கிறது!" என்றார்கள்.

"அந்தச் சிவப்பு ஏது, அண்ணா?" என்றாள் தங்கை.

"இரும்புத் துரு, அம்மா. மண்ணெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது."

"துருவுக்கா என் திருமணத்தைத் தடுக்கும் திறன்?" என்று சிரித்தாள். சிரித்ததோடு நிற்கவில்லை, கணக்கும் போட்டாள். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது சோதிடர் வாக்கு. பன்னிரண்டில் ஐந்து! அப்படியானால், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தோஷக்காரர்கள்! நாட்டிலே பாதிப்பேரை நெருங்கும் கூட்டத்தைக் குறையுடையோர் என்று கூறும் கணக்கு, கணக்காகுமா? அதனாலன்றோ, விதியைக் காட்டிலும் விதிவிலக்கு அதிகம். விலக்கைக் காட்டிலும் பரிகாரம் அதிகம்!

அப்பா மட்டும் கொல்லைப்பக்கம் வரவில்லை. "முன்னோர்கள் முட்டாள்களா?" என்று கேட்டார்கள். அல்லவே! வில்லையும் ஆடியும் இல்லாத காலத்திலே, இரவிரவாக விழித்திருந்து கோள்களின் போக்கைக் குறித்தவர்கள் அவர்கள். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். நாம்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பயப்படுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

2014 செப்டம்பர் 24-ஆம் நாள், இந்தியா ஏவிய மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அத்திட்டத்தை வழிநடத்தியோரில் ஒருவர், பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிலே பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. தமிழன் கலம் அனுப்பிய கோளுக்கு, தமிழச்சி பரிகாரம் செய்வதா? ஏவுகணைக்கு ஓர் அறிவு, ஏழாம் வீட்டுக்கு ஓர் அறிவா?

தங்கைக்கு மணம் இன்னும் முடியவில்லை. ஆனால், வீட்டிலே புதுச் சட்டம் ஒன்று பிறந்திருக்கிறது. வருவோர்க்குச் சாதகம் தரப்படமாட்டாது. விரும்பினால் தொலைநோக்கி தரப்படும்! சட்டம் இயற்றியவள் அவளே; வழிமொழிந்தவர்கள் அம்மா.

தோழர்களே! மேடையிலே நாம் மணிக்கணக்கிலே பேசுவதை, ஒரு பைனாகுலர் கொல்லையிலே சில நிமிடங்களில் பேசிவிடுகிறது. இருபத்தாறு திங்களுக்கு ஒருமுறை செவ்வாய் நம்மை நெருங்கி வருகிறது; 2025-க்கு அடுத்த தவணை 2027 பிப்ரவரி. உங்கள் தெருவிலும் ஒரு தங்கை இருப்பாள், ஒரு கட்டத்துக்குள்ளே. கைபிடித்து வெளியே அழைத்து வாருங்கள், விளக்கை அணையுங்கள், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்!