சொர்ணமுகிக் கரையில் சொன்ன கதை



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயிலில் ஏறி, சூலூர்பேட்டையைக் கடந்து இன்னும் சற்றுத் தூரம் வடக்கே போனால் நாயுடுபேட்டை வரும். கல்கத்தா நெடுஞ்சாலை வழியாகச் சென்றால் சுமார் 110 கிலோமீட்டர். முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரின் அருகே சொர்ணமுகி ஆறு ஓடுகிறது. பழைய தமிழ் நூல்கள் பொன்முகலி என்று அழைத்த ஆறு இதுவே. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, காளஹஸ்தியைத் தொட்டு, நாயுடுபேட்டையைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது.

ஓடுகிறது என்று எழுதினேன். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அங்கே ஓடுவது மணல்தான். இந்த மணலுக்கு ஏன் இவ்வளவு நீளமான பாலம் என்று புதிதாய் வருகிறவர்கள் சிரிப்பார்கள். 2021 நவம்பரில் சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை. திருப்பதி மலைகளில் பெய்த பெருமழை முழுவதும் இந்த ஆற்றின் வழியாகக் கடலைத் தேடி இறங்கியது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு குடும்பத்தைச் சந்திக்கும்படி நான் அங்கே போயிருந்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, என் இடுப்பு உயரத்திற்கு, இன்னும் அழியாமல் இருந்தது. மாலையில் மின்சாரம் நின்றுவிட்டது. திண்ணையில் ஒன்பது பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அய்யகாரு, கதை சொல்லுங்கள்" என்றார்கள். தண்ணீரைப் பார்த்துப் பயந்திருந்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே தண்ணீர்க் கதையையே சொன்னேன்.

ஆப்பிரிக்காவில் சாம்பேசி என்று ஒரு மகா நதி உண்டு. இன்றைய சாம்பியா, சிம்பாப்வே தேசங்களுக்கு நடுவே, கரீபா என்னும் இடத்தில், மின்சாரத்திற்காக 128 மீட்டர் உயரமான அணை ஒன்றைக் கட்டினார்கள். 1958 டிசம்பரில் அதன் வாய் அடைக்கப்பட்டது. நதி பின்னோக்கி ஏறத் தொடங்கியது. பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்த மிருகஜீவன்களுக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்வதுபோல மேட்டில் ஏறி நின்றன. மேடு தீவாயிற்று. தீவு நாளுக்கு நாள் சுருங்கிற்று. புல் தீர்ந்தது. குரங்குகள் மரத்தின் உச்சியில் அமர்ந்து பட்டையை உரித்துத் தின்றன.

அப்பொழுது ரூபர்ட் ஃபோதர்கில் என்னும் வனக்காவல் அதிகாரியும் அவரோடு சிலரும் படகுகளில் புறப்பட்டார்கள். அந்தப் பணிக்கு ஆபரேஷன் நோவா என்று பெயர். நோவாவின் நாட்களில் ஜீவன்கள் தாமாகவே பேழைக்குள் வந்தன. இங்கேயோ ஒன்றும் வரவில்லை! காப்பாற்ற வந்தவர்களைக் கண்டு ஓடின, முட்டின, கடித்தன. மான்களை நீரில் இறக்கி நீந்தவைத்து, படகிலிருந்தே பிடித்துக் கால்களைக் கட்டவேண்டியிருந்தது. சாதாரணக் கயிறோ தோலை அறுத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் அணியும் நைலான் காலுறைகளைக் கேட்டு வாங்கி, அவற்றை முறுக்கிக் கயிறாக்கினார்கள். அது மெதுவாயும் உறுதியாயும் இருந்தது. காண்டாமிருகத்துக்கு மயக்க மருந்து செலுத்தி, மிதவையில் ஏற்றிக் கரைக்கு இழுத்துச் சென்றார்கள். பாம்புகளையும் விட்டுவிடவில்லை. 1964 வரை இப்படியே 6,000க்கும் அதிகமான ஜீவன்கள் கரை சேர்ந்தன. அவற்றில் பல மட்டுசடோனா என்னும் பகுதியில் விடப்பட்டன. இன்று அது தேசியப் பூங்கா.

நம் தேசத்திலும் உண்டா என்று ஒருவன் கேட்டான். உண்டு. அஸ்ஸாமில் காசிரங்கா வனத்திற்குள் ஏறக்குறைய ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிரம்மபுத்திரா புகுந்துவிடும். மிருகங்கள் நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே கார்பி மலைகளுக்கு ஏறிப்போகவேண்டும். அவை அடிபடாதபடி லாரிகளை மெதுவாய் ஓட்டச் செய்கிறார்கள். தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்க 2002 முதல் அங்கே ஒரு மீட்பு நிலையம் இயங்குகிறது. 2019 ஜூலையில் களைத்துப்போன பெண்புலி ஒன்று, சாலையோர வீட்டிற்குள் நுழைந்து, கட்டிலின்மேல் படுத்துப் பகல் முழுவதும் உறங்கிற்று. வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியேறிவிட்டார். மாலையில் போக்குவரத்தை நிறுத்தி, பட்டாசு வெடித்து எழுப்பினார்கள். அது ஒருவரையும் தொடாமல் சாலையைக் கடந்து காட்டிற்குள் போய்விட்டது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓரமாய் அமர்ந்திருந்த ஒரு சிறுமி மட்டும் கைதட்டவில்லை. ஆற்றங்கரைக் குடிசைப் பிள்ளை. எட்டு வயது இருக்கும். "அய்யகாரு, அந்தப் பள்ளத்தாக்கில் மனுஷர் இல்லையா?" என்று கேட்டாள்.

நான் அந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இருந்தார்கள். டோங்கா என்னும் மக்கள் ஏறக்குறைய 57,000 பேர், நதிக்கரை வயல்களையும் முற்பிதாக்களின் கல்லறைகளையும் விட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். லாரிகளில் ஏற்றி, வறண்ட மேட்டு நிலங்களில் இறக்கிவிட்டார்கள். 1958 செப்டம்பரில், போகமாட்டோம் என்று எதிர்த்து நின்றவர்களில் எட்டுப் பேர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தார்கள். மிருகங்களை மீட்ட கதையை உலகப் பத்திரிகைகள் எழுதின. இந்த மக்களைக் குறித்து எழுதியவர்கள் மிகச் சிலரே. ஃபோதர்கில்லைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தம் கையில் கிடைத்ததைச் செய்தார். ஆயினும் பல ஆண்டுகளாய்ப் பல இடங்களில் இக்கதையைச் சொல்லிவந்த நான், பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்று அன்றுதான் உணர்ந்தேன். இதை அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

அவள் அதைப் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் வந்த இரவில் தன் தாய் செய்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஆட்டுக்குட்டி கயிற்றை இழுத்துத் துள்ளியதாம். பழைய நைலான் புடவையைக் கிழித்து, அதனால் குட்டியைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மாடிக்கு ஏறினாளாம். "காலுறை எங்களிடம் ஏது?" என்றாள்.

மறுநாள் திரும்புகையில் தொரவாரிசத்திரத்திற்கு அருகிலுள்ள நேலப்பட்டுக்குப் போனேன். அங்கே ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீருக்குள் நின்ற நீர்க்கடம்பு மரங்களின்மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏரி நிரம்பாத ஆண்டில் அவை அங்கே குஞ்சு பொரிப்பது அரிது. அலகில் குச்சி ஏந்தி ஒவ்வொன்றாய் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ரயிலையும் தவறவிட்டேன்.