நீரே அளவுகோல்

1895-ஆம் ஆண்டில் இராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்த ஊடுகதிர்கள், உடலைக் கீறாமலே உள்ளுறுப்புக்களைக் காணும் வழியை உலகிற்கு அளித்தன. ஆயினும் அக்கதிர்ப் படத்தில் எலும்பும் தசையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலிட்டு நிற்கும்; மூளையோ மண்டையோட்டின் நிழலுள் மறைந்தே கிடந்தது. இக்குறையை நீக்கியவருள் தலைசிறந்தவர் ஆங்கிலப் பொறியியலறிஞர் ஹவுன்ஸ்பீல்டு ஆவார். அவர் அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, 1971-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளில், இலண்டனைச் சார்ந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் மூளையைப் படம்பிடித்தது.

அக்கருவி தருவது உண்மையில் எண்களின் தொகுதியே. கதிர்க்குழாய் உடலைச் சுற்றிவர, எதிரேயுள்ள உணர்விகள் உடலைக் கடந்து வந்த கதிரின் அளவைக் கோணந்தோறும் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு கணிப்பொறி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கண்டு, அதற்கேற்பக் கருமையும் வெண்மையும் தீட்டுகிறது. நீருக்குரிய எண் 0, காற்றுக்குரியது −1000. மூளையின் சாம்பற் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள வேறுபாடோ ஏறத்தாழ 10 அலகே. பக்கவாதம் தொடங்கிய சில மணி நேரத்தில் மூளையில் தோன்றும் மாற்றம் இதனினும் நுண்ணியது. எனவே, படத்தில் இடத்துக்கிடம் சில அலகு பிறழ்ந்தாலும் மருத்துவரின் கண் ஏமாறும்.

இதனாலேயே புதிய கருவி எதுவாயினும், நோயாளியை ஏற்குமுன் நீரைக் கொண்டு சோதிக்கப்படுகிறது. சோதனைக்குரிய பொருள் நீர் நிறைந்ததோர் உருளை. ஆங்கிலத்தில் அதனைப் பேண்டம் என்பர். தமிழில் பாண்டம் என்றழைப்பினும் பொருந்தும்! அதன் படத்தில் நீரின் சராசரி எண் 0-இலிருந்து 4 அலகுக்கு மேல் விலகலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. நடுவிலும் ஓரங்களிலும் எண் ஒத்திருத்தல் வேண்டும்.

பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய கருவி முதல் நாளிலேயே தவறுமாயின் அனைவரும் பதறுவது இயல்பு. நிறுவனத்துப் பொறியாளர் கடிகாரத்தை நோக்குவார். மருத்துவமனையாரோ திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருப்பர். தேர்ந்த மருத்துவ இயற்பியலார் கருவியைக் கடியுமுன் உருளையை நோக்குவார். மேற்புறத்தில் ஒரு காற்றுக்குமிழி தங்கியிருக்கலாம். உருளை மையத்தினின்று விலகியும் இருக்கலாம். கதிரின் வழியில் நடுவே மெலிந்தும் ஓரங்களில் தடித்தும் உள்ளதொரு வடிகட்டி உண்டு. மையம் பிறழ்ந்தால் அதன் கணக்குப் பொய்த்து, ஒருபுற எண் ஏறும், மறுபுற எண் தாழும். ஒளிக்கோடுகளின்படி உருளையைச் செவ்வனே வைத்தும் படத்தில் அது விலகித் தோன்றுமாயின், ஒளிக்கோடுகளே திருத்தப்பட வேண்டியவை. இங்ஙனம் உருளையின் குறையென எண்ணியது கருவியின் குறையாய் முடிவதும் உண்டு.

படத்தில் வட்டமான கோடு தோன்றின் அதன் கதை வேறு. குழாயும் உணர்விகளும் சேர்ந்து சுழலும் கருவியில், நூற்றுக்கணக்கான உணர்விகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒவ்வாது அளந்தால், அது செல்லும் வழியெல்லாம் பிழையைத் தீட்டி வளையமாக்கிவிடும். குழாயை முறைப்படி சூடேற்றி, நடுவில் ஒன்றுமின்றி வெறுங்காற்றை அளக்கச் செய்து, உணர்விகளை ஒருமைப்படுத்தினால் பெரும்பாலும் வளையம் மறையும். மறையாதெனில் அவ்வுணர்வித் தொகுதியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது, படம் மணல் தூவியது போலத் தோன்றும் இரைச்சற் குறையில்தான். கதிரளவை 4 மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும். சோதனையும் எளிதில் தேறிவிடும். ஆனால் அவ்விலையைப் பின்னர்ச் செலுத்துவோர் நோயாளிகள் அல்லரோ? குழந்தைகளின் உடலில் கதிரின் தீங்கு மிகுதி. ஆகவே கதிரைக் கூட்டுமுன், எலும்புக்குரிய கூரிய கணக்குமுறை தவறுதலாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளதா, துண்டத்தின் தடிமன் குறிப்பிட்டதினும் மெல்லியதா என்று ஆராய்தல் முறை. இவ்விரண்டும் சரியாயின் குறை நீடித்தாலன்றிக் கருவியைப் பழித்தல் நேர்மையாகாது.

இந்தியாவில் 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இன்றி இக்கருவியை இயக்கலாகாது. எனினும் சட்டத்திற்கும் அப்பால் ஒன்று உளது. முதல் நாளில் பெற்ற எண்களே பிற்காலச் சோதனைகளுக்கெல்லாம் ஒப்புநோக்கும் அடிப்படை. அன்று ஒரு குறையை மூடிமறைத்தால், குறையே அளவுகோலாகிவிடும். பின்வருவோர் அதனோடு ஒப்பிட்டு நலமே எனக் கையெழுத்திடுவர். ஆதலின், பொறுப்புடைய இயற்பியலார் தேறிய எண்ணை மட்டும் ஏட்டில் எழுதி விடுவதில்லை. முதலில் தவறிய எண், தவறிய காரணம், திருத்திய முறை ஆகியனவும் நாளும் நேரமும் குறித்து அதே பக்கத்தில் எழுதப்படுகின்றன. அதன்பின்னரே உருளை மேசையினின்று இறக்கப்பட்டு, முதல் நோயாளி உள்ளே அழைக்கப்படுகிறார்.