ஒரு பிரதி

படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு தீராமலே இருந்து வருகிறது. எடுத்தவர் படத்தோடு போய்விடுகிறார். முகத்தைக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெசவாளர் கேட்டுவிட்டார்.

என் தமக்கை மகன் சென்னையில் புகைப்படக் கலை படிக்கிறான். பரீட்சைக்காகப் பன்னிரண்டு முகங்களைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். பதினொன்று முடிந்துவிட்டது. கடைசி முகத்தைத் தேடிக் காஞ்சிபுரத்துக்கு வந்தவன், என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வேகவதிக் கரையிலுள்ள இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். ஊரின் பெயரில் இருப்பது பருத்தி. நாங்கள் போய் நின்ற வீட்டிலோ தறி நிறையப் பட்டு!

குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார் பெரியவர். சட்டையில்லாத உடம்பு. நாடா இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. மருமகப் பிள்ளைக்குத் தாங்க முடியாத உற்சாகம். "மாமா, அந்தச் சுருக்கங்களைப் பாருங்கள்! பின்னால் முழு இருட்டு. இப்படியே எடுத்தால் போதும்" என்று என் காதில் சொன்னான்.

பெரியவர் நாடாவை நிறுத்தினார்.

"தம்பி, நாப்பது வருஷமா எத்தனையோ பேரு வந்து புடிச்சுக்கிட்டுப் போயிருக்காங்க. அனுப்பி வைக்கிறேன்னு விலாசம்கூட எழுதிக்கிட்டாங்க. ஒண்ணும் வரலே. எங்கிட்ட இருக்கிறது சங்கத்து அட்டையிலே ஒட்டின படம் ஒண்ணுதான். அதைச் சுவத்துல மாட்டினா, வர்றவங்க சங்கத்துக்குப் பாக்கி எவ்வளவுன்னு கேப்பாங்க. எடுக்கிறதுன்னா மாட்டற மாதிரி எடு. சட்டை போட்டுக்கிட்டு வர்றேன்."

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, நேரே பார்த்தால் அது பாஸ்போர்ட்டுப் படமாகிவிடும் என்பது அவன் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. பாரதியாரின் புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்தவை ஐந்துதான். அவற்றில் கோட்டும் தலைப்பாகையுமாக நம்மை நேரே பார்க்கிற அந்தக் கண்களைப் பாஸ்போர்ட்டுப் படம் என்று யார் சொல்லுவார்கள்? வறுமையைச் சட்டையில்லாமல் காட்டினால்தான் கலை என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜூலியா மார்கரெட் காமிரான் என்ற அம்மாள் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில், 1863-இல், மகள் கொடுத்த காமிராவைக் கொண்டு படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். டெனிஸன், டார்வின் என்று இங்கிலாந்தின் பெரிய முகங்கள் எல்லாம் அவர் முன் உட்கார்ந்தன. 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே காலமானார். களுத்துறையில் உழைப்பாளி மக்களையும் எடுத்தார். டெனிஸனுக்குப் பெயர் இருக்கிறது, டார்வினுக்கு இருக்கிறது. களுத்துறை முகங்களில் மிகப் பலவற்றுக்குப் பெயரே இல்லை. அவர் வெகு நல்ல கலைஞர். இருந்தும் அப்படி.

இதே ஊர்த் திரைலோக்கியநாதர் கோயிலில் இருக்கிறது இதற்கு மாற்று. விஜயநகரத்து அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபம். அதன் விதானத்தில் பிற்காலத்து ஓவியர்கள் தீர்த்தங்கரர்களின் கதைகளைத் தீட்டி, இன்ன காட்சி என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எது யார் என்று தெரிய வேண்டும் என்ற மரியாதை அது.

பெரியவர் சட்டையோடு திரும்பினார். கூடவே அவர் மனைவி. "தார் சுத்திக் குடுக்கிறவ இவதான். இவளும் ஒக்காரட்டும்."

இப்போதுதான் பையனுக்கு உண்மையான பாடம் ஆரம்பித்தது. அவன் வைத்திருந்தது 85 மில்லிமீட்டர் லென்ஸ். கிட்டே போய் அகல லென்ஸில் எடுத்தால் மூக்குப் பெரிதாகிக் காது சிறுத்துவிடும். இதில் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். ஆனால் இருட்டறைக்காக அதன் துவாரத்தை 1.8 என்று முழுக்கத் திறந்து வைத்திருந்தான். அப்படி வைத்தால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் மூன்று சென்டிமீட்டர் சொச்சம் ஆழந்தான் தெளிவாக விழும். ஒரு முகத்துக்கே அது போதாது. கண்ணில் தெளிவு இருந்தால் காது கலங்கிவிடும். இரண்டு முகம் என்றால் ஒருவர் தெளிய, மற்றவர் புகையாக வேண்டியதுதான். கிழவர் தெளிந்து கிழவி புகையாகிற படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

துவாரத்தை 5.6-க்குச் சுருக்கினான். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அதை ஈடுகட்டத் தெருக்கதவை முழுக்கத் திறந்தோம். இருவரையும் நாற்காலியோடு வாசல் பக்கம் நகர்த்தித் தோளுக்குத் தோள் ஒரே கோட்டில் உட்கார்த்தினோம். கதவுக்கு எதிர்ப்புறக் கன்னம் இருண்டு கிடந்தது. கொடியில் காய்ந்த வேட்டியை நான் அந்தப் பக்கம் விரித்துப் பிடித்தேன். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெதுவாக முகத்தில் ஏறியது. நான்கு கண்ணிலும் கதவு ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக நின்றது. பின்னால் தறியில் பாதி நெய்த சேலை.

பத்து நாளில் ஒரு பெரிய பிரதி போட்டு, முதுகில் இருவர் பெயரும் தேதியும் எழுதி, சட்டம் அடித்துக் கொண்டுவந்தான். பெரியவர் வாங்கித் திண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அம்மாள் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவரோ முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, கரை நிறம் தப்பா வந்திருக்கே. நான் போட்டது அரக்கு. இது செங்கல்லு."

உள்ளே எரிந்த டியூப் லைட்டும் வெளி வெளிச்சமும் கலந்ததில் நிறம் மாறியிருந்தது. ஆசிரியர்கள் யார் கண்ணிலும் அது படவில்லையாம். பையன் தறியில் மிச்சமிருந்த அரக்குப் பட்டிழையில் ஒரு முழம் கேட்டு வாங்கி, நிறம் பார்த்துச் சரிக்கட்டுவதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.