தீட்டு யாருடையது?

"தாயை விழுங்கியவள்" — என் அன்னைக்கு ஊரார் சூட்டிய பட்டம் இது. 1938இல் அவரைப் பெற்றெடுத்த ஒன்பதாம் நாள், பாட்டி சன்னி கண்டு மாண்டார். நாளையும் நட்சத்திரத்தையும் கணித்து, பழி குழந்தை மீதே என்று சோதிடர் முத்திரை குத்தினார். மணவீடுகளில் பந்தலுக்கு வெளியே நின்றே பழகியவர் என் அன்னை. தொட்டிலில் கிடந்த பச்சைக் குழந்தை, கொலைகாரி! கொன்றது எது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாட்டியின் குருதியைச் சோதித்தவர் எவருமிலர். ஆயினும், பேறுகாலச் சன்னியின் முதன்மைக் குற்றவாளி யார் என்பதை உலகம் அதற்கு நெடுநாள் முன்பே கண்டுகொண்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்பது அதன் பெயர். மணிகளைக் கோத்தாற்போல் வரிசையாக நிற்கும் நுண்ணுயிர்.

1840களில் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் பேறுகாலப் பிரிவுகள் இரண்டு. மாணவர்கள் பயின்ற முதற்பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் மாண்டனர். மருத்துவச்சிகளின் பிரிவில் நான்கினும் குறைவு. முதற்பிரிவு வேண்டாமென்று கருவுற்ற பெண்கள் கதறினர். காரணம் யாது? வானமண்டலத்தின் கேடு, நிலத்தின் ஆவி என்றனர் படித்த பெருமக்கள்! சாகக் கிடப்பவளுக்குச் சடங்கு செய்யவரும் பாதிரியாரின் மணியோசை கேட்டு அஞ்சியே மற்றவர்கள் சாகின்றனர் என்றும் ஒரு விளக்கம். செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் மணியை நிறுத்தச் செய்து பார்த்தார். மணி நின்றது, மரணம் நிற்கவில்லை. 1847இல், பிணச்சோதனையின்போது கத்தி பட்ட அவருடைய நண்பர், அதே நோயின் குறிகளோடு மாண்டார். திரை விலகிற்று! பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிள்ளைப்பேறு பார்த்து வந்தனர். குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுக என்றார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, 1848இல் ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று. அவருக்குக் கிடைத்ததோ ஏளனம். 1865இல் மனநோய் விடுதியில் உயிர் துறந்தார்.

பாட்டியின் வீட்டிலும் கை கழுவினர், கதவுக்கு வெளியே வந்தபின்! தீட்டுப் பட்டவள் தாயல்லவா? இருட்டறை, கந்தல் துணி, பழம்பாய் அவளுக்கு. அவளைத் தொட்டவருக்குத் தலைமுழுக்கு. தொடுமுன் கழுவ வேண்டும் என்பதை எந்தச் சாத்திரமும் அவ்வீட்டாருக்குச் சொல்லவில்லை.

இனி, கிருமியின் கதை. அதன் மேனியில் 'எம்' என்றொரு புரதம் உண்டு. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் இதனை ஆராய்ந்து வகை பிரித்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்னும் பெண்மணி. மரபணு வேறுபாட்டால் இன்று அறியப்பட்ட வகைகள் 200க்கும் மேல். ஒன்றை வென்ற உடல் மற்றொன்றிடம் ஏமாறும்; தடுப்பூசி இன்னும் கைக்கு எட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். தொண்டைப்புண்ணோடு போகும் அதே இனம், சில வேளை குருதியிற் புகுந்து தசையையே அழிக்கிறது. அதன் நச்சுகள் சிலவற்றின் மரபணு, கிருமிக்குள் நுழையும் வைரஸ் கொண்டுவந்து சேர்த்த சீதனம்! அந்நச்சு, உடலின் காவற்படையில் பத்தாயிரத்தில் ஒருவரை எழுப்ப வேண்டிய இடத்தில், ஐந்தில் ஒரு பங்கினர்வரை ஒருசேர எழுப்பிவிடுகிறது. காவலரே வீட்டைக் கொளுத்தும் கொடுமை அது.

2019இல் இங்கிலாந்து ஆய்வாளர் புதிய கிளையொன்றை அறிவித்தனர். ஏறத்தாழ 18 இலட்சம் மரபெழுத்துகளில், அது பழைய கிளையினின்று வேறுபட்டது 27 எழுத்துகளில் மட்டுமே; ஆனால் சுரந்த நச்சோ பன்மடங்கு. சோதிடருக்கும் நட்சத்திரம் 27தான்! இந்த 27ஐ எவரும் எடுத்துச் சோதிக்கலாம், தவறென்றால் மறுக்கலாம்.

இத்தனை வடிவெடுத்தும் அக்கிருமி பெனிசிலினுக்கு இன்றளவும் அடங்கியே கிடக்கிறது. ஆனால், நச்சு பரவியபின் மருந்து மட்டும் போதாது. அழுகிய தசையை அறுத்தெறிய வேண்டும், சிறப்புப் பிரிவில் வைத்துக் காக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விபூதி போடுபவர் வரட்டும் என்று காத்திராதீர்கள்.