இரண்டாவது மார்கரெட்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவன் திடீரென்று இரண்டாவது மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் கொஞ்சம் நெளிவார்கள். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் சமாசாரம் அல்ல. எனக்கு வாய்த்தவள் ஒருத்திதான். அவளும் மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்து விடியற்காலையில், டிகாக்ஷன் இறக்கிவைத்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு எழுத்து ஓடவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் தீபாவளி மலருக்கு வழக்கம்போல் ஒரு ஹாஸ்யக் கதை கேட்டார். "உங்கள் கதை இல்லாவிட்டால் மலர் எப்படி ஸார்?" என்றார். ஊரைச் சிரிக்க வைப்பது என் தொழில். தொழிலுக்கு உரிய சரக்கு தீர்ந்துபோய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எடின்பரோவில் இருக்கும் என் பெண், "இங்கே வந்து ஒரு மாசம் இருங்கோ அப்பா" என்று டிக்கெட் அனுப்பிவிட்டாள். போனேன்.

ஒருநாள் அங்கே உள்ள தேசிய உருவப்படக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். பிரபுக்களும் சீமாட்டிகளும் சுவர் சுவராக நம்மைப் பார்த்து மூக்கை உயர்த்திக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் நடுவில் ஒரு கிழவர். கட்டம் போட்ட அரைக்கால் சராய், கையில் பிடில், வில்; நரைத்த தலை. போஸ் கொடுப்பதாகவே தெரியவில்லை. அடுத்த மெட்டு என்ன வாசிக்கலாம் என்று யோசிப்பவர் போல் இருந்தார். ஹென்ரி ரேபர்ன் என்ற பெரிய சித்திரக்காரர் எழுதிய படம். "இவர் யாரம்மா?" என்றேன். "நீல் கௌ" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பற்றித் துருவித் துருவிப் படித்தேன். துக்கத்தில் இருப்பவனுக்கு இன்னொருவன் வாழ்க்கை நல்ல மருந்து.

1727-இல் பெர்த்ஷயர் பகுதியில் ஒரு நெசவாளியின் வீட்டில் பிறந்தவர். டே என்னும் ஆற்றங்கரையில், டன்கெல்டு ஊருக்கு எதிரே உள்ள இன்வர் கிராமத்தில் வாழ்ந்தவர். தறியில் கட்டம் போட்ட கம்பளித் துணி நெய்யப் பழகினார். பிடில் பெரும்பாலும் தானே கற்றது. சுமார் 18 வயதில் ஒரு போட்டிக்குப் போனாராம். அங்கே தீர்ப்புச் சொன்னவர் கண் தெரியாதவர். "நூறு பேர் வாசித்தாலும் இவன் வில்லை நான் அடையாளம் கண்டுகொள்வேன்" என்று சொன்னதாகக் கதை. தறி மூலைக்குப் போயிற்று. போனதும் நல்லதுதான். 1746-இல் கல்லோடன் யுத்தத்தில் மலைநாட்டார் தோற்ற பிறகு, அவர்களுடைய உடையை அணியக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. 1782-இல்தான் அதை நீக்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து எழுதிய படத்தில் கிழவர் அந்தக் கட்டம் போட்ட துணியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது.

அதோல் பிரபுக்கள் அவரை ஆதரித்தார்கள். எங்கே பெரிய விருந்து நடந்தாலும் கௌ வந்தாக வேண்டும். சகோதரர் டோனால்ட் பக்கத்தில் செல்லோ வாசிப்பார். 'ஸ்ட்ராத்ஸ்பே' என்று அவர்களுக்கு ஒரு நடன மெட்டு உண்டு. அதன் லட்சணத்தை நம் யாப்பிலக்கணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். ஸ்வரம் முதலில் குறிலாகச் சுண்டி, உடனே நெடிலாக நிற்கும். 'நிலா, கனா, விழா' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அந்த வெட்டுதான் அதன் உயிர். சாதாரணமாக வில்லைக் கீழே இழுக்கும்போது இருக்கிற பலம் மேலே தள்ளும்போது இருக்காது. கௌவுக்கு மேல் வீச்சிலும் அதே பலம் இருந்ததாம். ஆட்டம் சூடு பிடித்ததும் நடுவில் ஒரு கூச்சல் வேறு போடுவாராம். கேட்டவர்கள் கால் சும்மா இருக்குமா? கவி ராபர்ட் பர்ன்ஸ் 1787-இல் டன்கெல்டுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டு, அந்தக் குட்டையான, கட்டுமஸ்தான மனிதரின் நேர்மையான முகத்தைத் தம் பிரயாணக் குறிப்பில் எழுதி வைத்தார்.

80-க்கும் அதிகமான மெட்டுகள் அவர் பெயரில் வழங்குகின்றன. சில பழைய மெட்டுகளைத் தட்டி ஒக்கிட்டவை. எது நடந்தாலும் அவருக்கு அது மெட்டாகிவிடும். 1799-இல் விளைச்சல் பொய்த்து, வாற்கோதுமையில் விஸ்கி காய்ச்சக்கூடாது என்று தடை வந்தபோது விஸ்கிக்கு விடை கொடுத்து ஒரு மெட்டு! மற்றவற்றில் பல, பிரபுக்கள் பெயரிலும் சீமாட்டிகள் பெயரிலும் அமைந்தவை. குறை சொல்வதற்கில்லை. சோறு போடுகிறவர்கள் பெயரைத்தான் கலைஞன் சொல்லுவான்.

இந்த இடத்தில் என் மனசு குறுகுறுத்தது. நான் பதினேழு நாவல் எழுதியிருக்கிறேன். பதினேழுக்கும் சமர்ப்பணம் உண்டு. ஒரு மந்திரி, இரண்டு மில் முதலாளிகள், சில பத்திரிகாதிபதிகள், ஒரு சங்கீத வித்வான். என் மனைவி புதுப் புஸ்தகம் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாள். படிப்பாள். "ஓஹோ, இந்தத் தடவை அவரா!" என்பாள். அவ்வளவுதான். உள்ளே போய்விடுவாள். அதில் ஏதாவது இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெண்ணும் மாப்பிள்ளையும் என்னை டன்கெல்டுக்கு அழைத்துப்போனார்கள். டே நதிக்கரையில் ஒரு கருவாலி மரம் இருக்கிறது. கௌ அதன் அடியில் உட்கார்ந்து வாசிப்பார் என்று சொல்லிக் காட்டுகிறார்கள். சாயங்காலம் ஊருக்குள் ஒரு சிறு விடுதியில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். துரித கதியில் ஒரே அமர்க்களம். சட்டென்று எல்லோரும் நிறுத்தினார்கள். வயதான ஒருவர் மாத்திரம் பிடிலை எடுத்தார். விளம்ப காலத்தில் ஒரு மெட்டு.

என்ன சொல்வேன்! சோகம் என்றால் நமக்கு முகாரி, அழுகிற பிள்ளையைக்கூட "என்ன முகாரி பாடுகிறாய்?" என்றுதான் கேட்போம். இது கிட்டத்தட்ட நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். மங்களகரமான ஸ்வரங்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் செய்தாரே, அந்த ஸ்வரங்கள்தாம். அவர் தம்பி பாலுஸ்வாமி இந்த வாத்தியத்தையே நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். கௌ கிழவராக இருந்தபோது அந்தச் சகோதரர்கள் வாலிபர்கள். அத்தகைய சங்கராபரணத்தில் ஒரு மனிதன் இப்படி அழ முடியுமா? அழுகை என்றுகூடச் சொல்ல மாட்டேன். நன்றாக வாழ்ந்த ஒரு வீட்டை ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல் இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன். பெண் விசாரித்துவிட்டு மெள்ளச் சொன்னாள்: "நீல் கௌ தம் இரண்டாவது மனைவி இறந்ததற்குப் பாடிய புலம்பல். அதுதான் இதன் பெயரே, அப்பா."

அவள் 1805-இல் இறந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். அப்போது அவருக்கு 78 வயது. பெற்ற பிள்ளைகளிலும் சிலரைப் பறிகொடுத்தவர். இரண்டு வருஷத்தில், 1807-இல், அவரும் போய்விட்டார். ஊரையெல்லாம் ஆட வைத்த வில், கடைசியில் யாரும் ஆட முடியாத ஒரு மெட்டைத் தந்தது. சீமாட்டிகளுக்குப் பெயர் கிடைத்தது. இவளுக்குப் பெயர்கூட இல்லையே என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. முதல் மனைவி பெயர் மார்கரெட். இரண்டாவது மனைவி பெயரும் மார்கரெட்! பாவம், 'இரண்டாவது' என்று சொல்லாமல் என்ன செய்வார்?

தீபாவளி மலருக்குக் கதை எழுதி அனுப்பிவிட்டேன். ஹாஸ்யக் கதைதான். சங்கராபரணத்தில் அழலாம் என்றால், அழுதவன் சிரிக்க வைக்கவும் செய்யலாம்.

பதினெட்டாவது நாவல் இப்போது அச்சில் இருக்கிறது. சமர்ப்பணப் பக்கத்தில் 'என் மனைவிக்கு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பதிப்பாளர், "பெயர் போட வேண்டாமா ஸார்?" என்று கேட்டார். நாற்பத்தாறு வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. புதிதாக அச்சில் கூப்பிட்டால் யாரையோ என்று நினைத்துக்கொள்வாள்.

"வேண்டாம்" என்றேன். முதலாவதா, இரண்டாவதா என்ற சந்தேகம் எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.